மலையேறும் ஊசி

மனச்சிதைவு நோய்க்குப் போடும் ஊசிகளில் ஒன்று, நல்லெண்ணெயில் கரைத்த மருந்து. புளூபெனசின் டெக்கனோயேட் என்று பெயர். சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு மில்லி, வெளிர் மஞ்சளாக இருக்கும். அதில் 25 மில்லிகிராம் மருந்து. எண்ணெய் என்பதால் தண்ணீர் மருந்தைப்போல ஊசிக்குள் சட்டென்று ஏறாது. செவிலியர் கொஞ்சம் தடித்த ஊசியாக எடுத்து, மெதுவாக உறிஞ்சி, இடுப்புக்குக் கீழே தசையின் ஆழத்தில் நிதானமாக இறக்குவார். அதற்கப்புறம் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு அந்த நோயாளி இந்த மருந்தைத் தினமும் மாத்திரையாக விழுங்க வேண்டியதில்லை.

எப்படி என்று பார்த்தால், நம் சமையலறைச் சரக்கே அதற்குள் வேலை செய்கிறது. புளூபெனசின் என்ற மருந்து வெறுமனே உடம்புக்குள் போனால் ஒருநாள் இரண்டு நாளில் கழிந்துவிடும். 1960களில் வேதியியலாளர்கள் அதற்கு ஒரு வால் ஒட்டினார்கள். பத்து கரிம அணுக்கள் கோத்த டெக்கனோயிக் அமிலம்தான் அந்த வால்; தேங்காயெண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு அமிலம். வால் முளைத்ததும் மருந்துக்கு எண்ணெய்மேல் ஒட்டுதல் வந்துவிடுகிறது. தசைக்குள் தங்கிய எண்ணெய்ப் பொட்டைவிட்டு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிகிறது. கசிந்து வரும் மூலக்கூறுகளின் வாலை உடம்பின் நொதிகள் கத்தரிக்கின்றன. வால் அறுந்த பிறகுதான் அது வேலைக்காகும் மருந்து. மூளைக்குப் போய் டோபமைன் ஏற்பிகளில் உட்கார்ந்து, இல்லாத குரல்களின் இரைச்சலைக் குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நெடுங்காலமாக இடம்பெற்றிருப்பது இது. விலையும் அதிகமில்லை.

இந்த ஊசியின் அருமை சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. சேர்வராயன் மலைமேல், கரடியூர் போன்ற ஓர் ஊரில் இருப்பவருக்குத் தெரியும்.

கரடியூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தாயும் தகப்பனும் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். இருபத்திரண்டு வயது மகன் ஆறு மாதமாகத் தனியாகப் பேசுகிறான், ராத்திரியில் தூங்குவதில்லை, சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்கிறான். அவனை டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, மொத்தம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சேலத்தில் வரிசையில் நிற்க வேண்டும். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பயப்படுகிற பிள்ளையை நெரிசலான பஸ்ஸில் ஏற்றி உட்காரவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று அந்தத் தாயைக் கேட்டால்தான் தெரியும். கூட ஒருவராவது போக வேண்டும். சமயத்தில் இரண்டு பேர். அன்றைய கூலி போயிற்று. காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களாக இருந்தால் அந்த இழப்பு இன்னும் உறைக்கும். டாக்டர் பார்ப்பது சில நிமிடம், தருவது ஒரு மாத மாத்திரை. இரண்டாம் மாதம் போவார்கள். மூன்றாம் மாதம், "இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கானே" என்று விட்டுவிடுவார்கள். பெங்களூரில் உள்ள மனநல நிலையமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடுவீடாகப் போனது. நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக அது சொன்னது. மருந்து கண்டுபிடிக்கப்படாததால் வெளியே நிற்பவர்கள் அல்லர் இவர்கள்.

ஆகவே ஆராய்ச்சிக்குரிய கேள்வி மூலக்கூறோடு முடிவதில்லை. அந்தக் குப்பி மலையேறுவது எப்படி, ஏறிய பிறகு மாதம் தவறாமல் ஏறிக்கொண்டே இருப்பது எப்படி? இந்தக் கேள்வியை இந்தியாவில் அரை நூற்றாண்டாக அறிவியல் சோதனையாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை நம் பாடப்புத்தகங்களில் வருவதில்லை.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. தமிழகம் முழுமைக்கும் மனநோய்க்கென்றே இருந்த அரசு மருத்துவமனை அது ஒன்றுதான். அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலரை வீட்டார் திரும்பக் கூட்டிப்போகவில்லை. ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிப் போனது. இந்த விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை முதலில் மாற்றிக் காட்டியவர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் வித்யாசாகர். 1950களில் அவர் நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்கலாம் என்றார். இடமில்லாததால் வளாகத்தில் கூடாரம் அடித்துக் கொடுத்தார். தங்கிய குடும்பங்கள் நோயைப் பக்கத்திலிருந்து பார்த்தன, கவனித்துக்கொள்ளக் கற்றன, நோயாளியோடு வீடு திரும்பின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் குடும்பத்தோடு தங்கும் முறையை எடுத்துக்கொண்டது.

அடுத்து, நோயாளி வருவதற்குப் பதில் மருத்துவம் போனால் என்ன என்ற யோசனை. மைசூர் அரசின் மனநல மருத்துவமனையையும் மத்திய அரசின் மனநலக் கல்வி நிலையத்தையும் 1974 டிசம்பரில் இணைத்ததில் பிறந்ததுதான் நிம்ஹான்ஸ். மாநில அரசின் கட்டில்களும் ஆசிரியர்களின் படிப்பும் ஒரே கூரைக்குக் கீழ் வந்த ஏற்பாடு. அடுத்த ஆண்டே அது சமுதாய மனநலப் பிரிவு ஒன்றை ஆரம்பித்து, பெங்களூருக்கு வெளியே சகலவாரா என்ற கிராமத்துக்குப் போனது. அதே காலத்தில் சண்டிகர் மருத்துவ ஆய்வு நிலையம் ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் ஏழு நாட்டு ஆய்வு ஒன்றின் பகுதியாக, இதே வேலையில் இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும், தடுப்பூசி போட வீடுவீடாகப் போகும் பணியாளரும் மனநோயைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று தெரிந்தது. அதற்குப் பட்டமேற்படிப்பு வேண்டியதில்லை. சில வாரப் பயிற்சியும் சரியான கேள்விகளும் போதும். "உங்க ஊர்ல யாராவது தனியா பேசிக்கிட்டுத் திரியறாங்களா? குளிக்காம, வேலைக்குப் போகாம வீட்டுக்குள்ளயே கிடக்கறாங்களா? வலிப்பு வருதா?" ஊரில் எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்விகள், கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

1985 முதல் 1990 வரை கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் சேர்ந்து சுமார் 20 லட்சம் பேர் வாழ்ந்த பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் இதைச் செய்து பார்த்தன. அதுவே தேசிய அளவில் முன்மாதிரியானது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. ஆனால் அரசுத் திட்டம் நடக்கிற வேகத்துக்கு நெருப்பு காத்திருக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று யாரையும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அரசு மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் சொல்கிறது.

ஊசி பற்றியே பேசினால் பாதிக் கதைதான் ஆகும். மனச்சிதைவைவிடப் பல மடங்கு அதிகமாக உள்ளது மனச்சோர்வு. அது சோர்வு என்ற பெயரில் வருவதில்லை. தலைவலி, கைகால் அசதி, "நெஞ்சு படபடங்குது டாக்டர்", "ராத்திரி பூரா தூக்கமில்லை" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும். ஒரு சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். இதற்குப் பேச்சும் ஒரு மருந்து. ஆனால் பேச உளவியலாளர் எங்கே?

கோவாவில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. சங்கத் என்ற அமைப்பும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் கோவா அரசின் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. முன்னின்றவர் மனநல மருத்துவர் விக்ரம் படேல். மனநலத்தில் எந்த முன்படிப்பும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து மருத்துவமனைகளில் உட்காரவைத்தார்கள். 2010இல் வெளியான முடிவில் ஒரு விசித்திரம் இருந்தது. அரசு சுகாதார நிலையங்களில் இந்த ஆலோசகர்கள் இருந்த இடங்களில் ஆறு மாதத்தில் 65.9 சதவீதம் பேர் குணமடைந்தார்கள். இல்லாத இடங்களில் 42.5 சதவீதம் பேர்தான். தனியார் டாக்டர்களிடமோ வித்தியாசமே இல்லை. அங்கே ஏற்கெனவே பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டு நிலவரம் விசாரிக்கிற குடும்ப டாக்டர் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். நீண்ட வரிசையும் குறைந்த நேரமும் உள்ள அரசு நிலையத்தில்தான், உட்கார்ந்து கேட்கும் ஒரு ஆளின் மதிப்பு அளவிடும்படி தெரிகிறது.

2017இல் இன்னும் கடினமான சோதனை. கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு பேச்சு சிகிச்சையை இதேபோன்ற ஆட்கள் அளித்தார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேருக்குச் சோர்வு நீங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கு.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆழ்மனம், குழந்தைப்பருவம் என்றெல்லாம் தோண்டுவதில்லை. நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். மணிவாரியாக ஒரு தாளில் எழுதுகிறார்கள். எந்த நேரத்தில் மனசு மிகவும் கனத்தது, எந்த நேரத்தில் சற்று லேசானது என்று குறிக்கிறார்கள். சோர்ந்தவர் ஒவ்வொன்றாக வேலையை விடுகிறார். விட்டதால் சந்தோஷம் வரும் வாசல்களும் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. அதனால் இன்னும் சோர்கிறார். இந்தச் சுழலைச் செயலின் பக்கமிருந்து உடைப்பதுதான் உத்தி. மனசு சரியானால் கோழிக்குத் தீனி போடப் போகலாம் என்று காத்திருக்காமல், கோழிக்குத் தீனி போடுவதை முதலில் செய்ய வைப்பது. நாளைக்கு அக்கா வீடு வரை நடந்துவிட்டு வருவது. அடுத்த வாரம் வந்து, நடந்ததா, நடந்தபோது எப்படி இருந்தது என்று சொல்வது. கேட்பதற்கு நம் பாட்டிமார் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. பாட்டி சொன்னதை யாரும் 495 பேரை வைத்துச் சீட்டுக் குலுக்கிச் சோதித்ததில்லை, இதைச் சோதித்திருக்கிறார்கள். பாட்டிமாரையே வைத்தும் செய்திருக்கிறார்கள் என்பது உபரித் தகவல்: ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மருத்துவமனைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சில் அமர்ந்து ஆலோசனை சொல்லும் மூத்த பெண்களின் முறை 24 மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு 2016இல் வெற்றி என்று வெளியானது.

கோவாவில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஆலோசகர்கள் நோயாளியின் சம்மதத்தோடு உரையாடலை ஒலிப்பதிவு செய்வார்கள். பிறகு சிறு குழுவாகக் கூடி அதைப் போட்டுக் கேட்பார்கள். சகாக்களே மதிப்பெண் போடுவார்கள்: இங்கே குறுக்கே பேசிவிட்டாய், இங்கே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டாய், இங்கே அவர் சொன்னதை விட்டுவிட்டாய். தொடக்கத்தில் நிபுணர்கள் கூட இருந்தார்கள். நாளடைவில் சகாக்கள் போட்ட மதிப்பெண்ணும் நிபுணர் போட்ட மதிப்பெண்ணும் ஒத்துப்போகத் தொடங்கின. சாதாரண ஆளை நல்ல ஆலோசகராக்கியது அந்த முதல் பயிற்சி முகாம் மட்டும் அன்று, ஓயாமல் நடந்த இந்தத் திருத்தம்தான். அரசுத் திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவதும் இதுவே. மூன்று நாள் பயிற்சி, ஒரு கையேடு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம், அதோடு சரி.

தமிழ்நாட்டின் பங்கு காஞ்சிபுரத்தில் இருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் சங்கத், லண்டன் கல்லூரி ஆகிய கூட்டாளிகளும் கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மருத்துவமனை சிகிச்சை உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போய் மருந்து, உடல்நலம், வேலை, உதவித்தொகை, ஊரார் பேச்சு எல்லாவற்றையும் கவனித்தார். 2014இல் வெளியான முடிவில் மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் பயன் சுமார்தான். நோய்க்குறிகளில் கிடைத்த குறைவு புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. ஆனால் காஞ்சிபுரத்துக் கிராமங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. வேறு வசதி கிட்டாத இடத்தில்தான் வீடு தேடிப் போகும் ஆள் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறார். மலைக்கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு முடிவு எனக்குத் தெரிந்து இல்லை. அதே ஸ்கார்ஃப் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓட்டியது. உள்ளே ஆலோசனை அறை, திரை, மருந்துக்கூடம். திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். டாக்டர் சென்னையிலேயே இருந்தார். மருந்து ஊருக்குள் வந்தது.

"எல்லாம் சரி, மலைக்காரர்கள் முதலில் சாமியிடம்தானே போவார்கள்?" என்று கேட்கலாம். போவார்கள், சமவெளிக்காரர்களும் அப்படித்தான். நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் தமிழகத்து முத்துசுவாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து இல்லை. குடும்பத்தோடு இலவசமாகத் தங்கல், சின்னச் சின்னக் கோயில் வேலை, காலை வழிபாடு. நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. நிம்மதியான இடமும் கூட இருக்கும் மனிதர்களும் மருந்தின் அளவுக்கு வேலை செய்கின்றன என்று படித்து, ஊசியை விட்டுவிடலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்; 31 பேர் சின்ன எண்ணிக்கை, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போகும் குடும்பத்தைச் சுகாதாரத் துறை திட்டத் தேவையில்லை என்பதே இதில் நான் எடுத்துக்கொள்வது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே பின்னாளில் அரசு மனநல மருத்துவம் வந்து உட்கார்ந்தது. தொழுகையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யவில்லை.

இனி நம் சொந்தச் சிக்கலுக்கு வருவோம். பல்கலைக்கழகமும் அரசும் கைகோத்தால் என்ற பேச்சு வரும்போதெல்லாம் வெளிநாட்டுப் பேராசிரியர் விமானத்தில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் படமே நம் மனதில் ஓடுகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியே அரசின் கல்லூரிதான். மனநல மருத்துவப் பேராசிரியர் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் ஆள். தாலுகா மருத்துவமனை, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையமும், வீடு தேடிப் போகும் கிராம சுகாதார செவிலியரும் பொது சுகாதாரத் துறைக்கு உட்பட்டவர்கள். மூன்றும் ஒரே அமைச்சரின் கீழ். மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி மாதாந்தரக் கூட்டம். கரடியூர்ப் பையன் நோய் கண்டுபிடிக்கப்பட்டது முதல் ஊசி போடப்படும் வரை இந்த மூன்று எல்லைகளையும் தாண்ட வேண்டும். தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் சீட்டு தொலையலாம், பயிற்சி பெற்ற டாக்டருக்கு மாறுதல் வரலாம்.

நமக்குக் கையில் உள்ளது குறைவில்லை. மருந்து வாங்கிக் கிடங்கில் வைத்து விநியோகிப்பதில் 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஒன்று. ஆஷா பணியாளர்கள் தமிழகத்தில் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். அதாவது காஞ்சிபுரத்தில் புதிதாக நியமிக்க வேண்டியிருந்த ஆள், மலையில் ஏற்கெனவே உண்டு. அவர் அந்த ஊர்ப் பெண். எந்த வீட்டில் விளக்கு விடிய விடிய எரிகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் கேள்விகளைக் கற்றுக்கொடுப்பதும், மாதம் ஒருமுறை கல்லூரியின் பட்டமேற்படிப்பு மாணவர் மலையேறி அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசுவதும், துணை சுகாதார நிலையத்தில் அந்த நல்லெண்ணெய்க் குப்பி தீராமல் இருப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஊசி போட்டவருக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு வரலாம். அதைப் பார்த்து அளவைக் குறைக்க டாக்டரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது. என்ன மருந்து, எதற்கு என்று நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கிப் போட வேண்டும். தூரத்து ஊர் என்பதற்காக இதைத் தளர்த்த முடியாது.

மாணவருக்கும் இதில் லாபம் உண்டு. வார்டில் காணும் நோயாளி, வீட்டில் வேறு ஆளாக இருப்பார். சகலவாராவில் நிம்ஹான்ஸ் மாணவர்கள் கற்றது அதைத்தான். சேலத்தில் படிக்கும் மாணவர் அதைக் கற்க இருபது வளைவு ஏறினால் போதும். மூன்று இயக்ககங்களுக்கும் பொதுவாக ஒரே ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கி, சேர்வராயன் மலையில் இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்து, முடிவு நல்லதோ கெட்டதோ வெளியிடும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. டெலிமானஸ் என்ற இந்தத் தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. நிம்ஹான்ஸ் வழிநடத்துகிறது, பெங்களூரு தகவல் தொழில்நுட்பக் கழகம் தொழில்நுட்பம் தருகிறது, மாநில அரசுகள் ஆட்களை அமர்த்துகின்றன. தமிழகத்தில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்களுக்காகவோ உங்கள் வீட்டாருக்காகவோ தயங்காமல் கூப்பிடுங்கள்.